இடி நின்றதும் பெயர் கூப்பிட்ட பெட்டி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளைத் தேடிவந்து திட்டு வாங்கிக்கொண்டு போவதில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன சந்தோஷமோ தெரியவில்லை. போன மாதம் என் பழைய கம்பெனியின் கணினிப் பிரிவிலிருந்து இரண்டு பேர் சி ரூசாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். கோப்பி கொடுத்தேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவன் மடிக்கணினியைத் திறந்துவிட்டான்.

“ஆன்ட்டி, அப்டேட் கருவிய புதுசா எழுதுறோம்லா. இதுல ஒரு படி இருக்கு. அப்டேட் போட்டதும் ஒரு ஆளு நேரா அந்த இடத்துக்குப் போயி, மெயின் சுவிட்ச அடைச்சு அடைச்சுத் தெறக்கணுமாம். எதுக்கு? இங்கேருந்தே ரீபூட் பண்ணிட்டா போதாதா? யாரு போட்டான்னும் தெரியல. பக்கத்துல ‘இடி’ன்னு மட்டும் எழுதியிருக்கு.”

“நான்தான்டா போட்டேன். அத எடுத்தே, கைய ஒடிப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், இன்னும் கொஞ்சம் விவரமாக.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், பெரிய கிராணியின், அதாவது தலைமைக் கணக்கரின், ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். கணினி வந்தபோது அதைத் தொட மற்றவர்கள் பயந்ததால் என் மேசையில் வைத்துவிட்டார்கள். பிறகு மாலை வகுப்பு, பரீட்சை, ஒரு பெயில், ஒரு பாஸ், சிரம்பான் தலைமை ஆபீஸ். அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொண்டது அங்கே, மிஸ் லியோங்கிடம்.

மிஸ் லியோங் எங்கள் பிரிவின் தலைவி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பெண். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்ததால் அவருடைய தமிழ் என் தமிழைவிடக் காரமானது. கூட்டங்களில் இங்கிலீஷில் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். யாராவது அவசரப்பட்டு விசைப்பலகையில் கை வைத்தால் போதும், “ஓய், கைய எடு மூதேவி” என்று வெடிக்கும். புதிதாக வந்த மேனேஜர்கள் அரண்டு போவார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கட்டளையைத் தட்டினாலும், என்டரை அமுக்குவதற்கு முன் அடுத்து என்ன நடக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “சொல்லிட்டு அமுக்கு” என்பார். சொன்னது நடந்தால் ஒரு தலையசைப்பு. சொன்னதைவிட நல்லதாக ஏதாவது நடந்துவிட்டால்தான் வம்பு. ஒருமுறை நான், “இது மொதல் தடவ வராது, மறுபடி போடணும்” என்று சொல்லி அமுக்கினேன். முதல் தடவையே வந்துவிட்டது. நான் கைதட்டினேன். அவர் என்னைச் சாப்பிடப் போகவிடவில்லை. “நீ சொன்னது வேற, நடந்தது வேற. அப்போ அது என்னான்னே உனக்குத் தெரியலலா. நல்லதா வந்தாலும் தப்பு தப்புதான்” என்றார். ஏன் முதல் தடவையே வந்தது என்று நான் கண்டுபிடித்த பிறகுதான் அன்று எனக்குச் சோறு. அவரை அன்று மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுத முடியாது.

எங்கள் தோட்டங்களில் அங்கங்கே சின்ன லினக்ஸ் பெட்டிகள் இருந்தன. எடை மேடையில், தண்ணீர் பம்பில், ஆலையில். ஒவ்வொன்றும் பிஸ்கட் டின் அளவு. ஒவ்வொன்றையும் தேடிப் போய் அப்டேட் போட முடியாது என்பதால் சிரம்பானிலிருந்தே அனுப்ப ஒரு கருவி வைத்திருந்தோம். பெட்டிக்குள் இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் ஏற்கனவே ஓடும் சிஸ்டம் இருக்கும். அப்டேட் வந்தால் மற்ற அறையில் புதியது இறங்கும். மின்சாரம் வந்ததும் எல்லாருக்கும் முன்னால் விழித்து, எந்த அறையைத் திறப்பது என்று முடிவு செய்யும் ஒரு சின்ன நிரல் உண்டு. அதுதான் பூட்லோடர். தோட்டத்துக் காவல்காரனைச் சொல்வதுபோல மிஸ் லியோங் அதை ‘ஜாகா’ என்பார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

ஜாகாவுக்கு நாங்கள் கொடுத்திருந்த உத்தரவு இதுதான். புதியவனை உள்ளே விடு. அவன் ஒரு நாள் முழுக்க விழாமல் ஓடினால், இனி அவனே வீட்டுக்காரன். அதற்குள் மூன்று தடவை விழுந்தால் அவன் ஆகாதவன், பழையவனை எழுப்பு. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் கருவிக்கு ஜாகாவோடு ஒழுங்காகப் பேசத் தெரியாது. உத்தரவை எழுதி வைத்துவிட்டு வந்துவிடும். ஜாகா அதன்படி யாரை எழுப்பினான் என்று திரும்பிக் கேட்காது. தான் எழுதியதையே நடந்ததாக எடுத்துக்கொண்டு, சிரம்பானில் எங்கள் திரையில் பச்சை விளக்கைப் போட்டுவிடும். இது ஒரு குறை என்றே அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கோலா சாவாவைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம் ஒன்றின் நாலாம் டிவிஷன் இருந்தது. டிவிஷனை மூடி, பாதி லயத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். போக இடமில்லாத சில குடும்பங்கள் மட்டும் ஆற்றோரத்துக் கீழ் லயத்தில் தங்கிவிட்டன. மேட்டில் பழைய ஆபீஸ் இருந்தது. அதற்கு முன்னால், காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் பெரட்டுக் களம். ஆபீஸ் சாவி லெட்சுமியிடம் இருக்கும். லெட்சுமி கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை. லோரி ஓட்டும் அண்ணன் ராமனோடு கீழ் லயத்தில் இருந்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அந்த அண்ணன்தான்.

டிவிஷன் நடந்த காலத்தில் அங்கிருந்த பெட்டியின் வேலை பெரட்டு எடுப்பது. முதலில் பெட்டியின் சொந்தக் குரலில், யாரோ ஒரு பெண் பேசுவதுபோல, பெயர்களைக் கூப்பிட வைத்தோம். ஒருவரும் அசையவில்லை. ஆகவே ஆட்களை மேற்பார்த்து வேலைக்கு அனுப்பும் மண்டோர் சுப்பையாவின் குரலையே பதிவு செய்து போட்டோம். தோட்டமே அவர் சத்தத்துக்குப் பழகியிருந்தது. கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். ஆள் வந்து கட்டைவிரலை வைத்தால் அவர் குரல் “வந்தாச்சு” என்று சொல்லும். வைக்காவிட்டால் “வரலை.” மண்டோரும் சம்பளக்காரர்தானே, ஆகவே கடைசியில் தன் பெயரையும் அவரே கூப்பிட்டுக்கொள்வார். டிவிஷனை மூடுவதற்கு முன்பே அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

மேலே காட்டை வெட்டிய பிறகு அந்த ஆறு சொல்லாமல் கொள்ளாமல் ஏற ஆரம்பித்தது. கீழ் லயத்துக்கு எச்சரிக்கை ஹார்ன் வேண்டும் என்று மிஸ் லியோங் மேலிடத்தோடு சண்டை போட்டார். புதுப் பெட்டி தர மாட்டோம், இருப்பதை வைத்துச் செய்யுங்கள் என்றார்கள். அதே பெட்டி, அதே ஒலிபெருக்கி, ஆற்றில் புதிதாக ஒரு நீர்மட்ட அளவி. ஹார்ன் அடிக்கும் புதிய சிஸ்டத்தை இரண்டாவது அறைக்கு அனுப்பினேன். பச்சை விளக்கு வந்தது. தண்ணீர் ஏறினால் ஹார்ன் அலறும், ஜனங்கள் மேட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த ஹார்னை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் மழைக்காலத்தில் கண்ணை மூடின.

மழை தொடங்கிய சில நாளில் லெட்சுமி ஃபோன் செய்தாள்.

“அக்கா, மண்டோர் கூப்பிடுறாரு.”

“எந்த மண்டோர்?”

“சுப்பையா மண்டோர்தாங்க்கா. நேத்து அந்தி சாயுற நேரம், இடி நின்னுச்சு, பெரட்டு எடுக்க ஆரம்பிச்சிட்டாரு. செத்தவங்க பேரு, ஜொகூருக்குப் போனவங்க பேரு, எல்லாம் வரிசையா. எங்க வீட்டுக்காரர் பேரக்கூட கூப்பிட்டாருக்கா.”

திரையைப் பார்த்தேன். பச்சை. புதிய சிஸ்டம் சுகமாக ஓடுவதாகச் சொன்னது.

“பெட்டிய யாராச்சும் தொட்டீங்களா?”

“மாரியாத்தா சத்தியமா யாரும் தொடல.”

“அப்போ காதுலதான் கோளாறு. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலையப் பாருலா” என்று வைத்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் காடியை ஓட்டிக்கொண்டு போனேன். பெட்டியில் புதிய சிஸ்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்னை அடித்துப் பார்த்தேன், காது கிழிந்தது. அங்கே ராமன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்னாக்கா, பேய் புடிக்க வந்தீங்களா? சொல்லுங்க, லோரியில ஏத்திக்கிட்டுப் போயி ரந்தாவ் பாசார்ல எறக்கி விட்டுர்றேன். மீன் வாங்கிட்டாச்சும் வரும்.”

“நீ கேட்டியா தம்பி?”

“கேட்டேன். கேட்டா? நான் இப்போ வேற தவுக்கேகிட்ட வேல செய்யுறேன். இந்த ஆளு கூப்பிட்டா நான் எதுக்குப் போவணும்?” என்று சிரித்தான். லெட்சுமி அவன் முதுகில் ஒன்று போட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அதே வாரம், ஒரு சாயங்காலம் நானும் மிஸ் லியோங்கும் ஆபீசை மூடிக்கொண்டிருந்தபோது மறுபடி ஃபோன். லெட்சுமி எதுவும் பேசவில்லை. கைபேசியை வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறாள் போல. மழையின் இரைச்சல் கேட்டது. பிறகு, தெளிவாக, கரகரத்த ஒரு ஆண் குரல்.

“காத்தமுத்து.”

மழை மட்டும் பெய்தது.

“வரலை.”

காத்தமுத்து லெட்சுமியின் புருஷன். இப்படியே பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆள் நடந்து வந்து விரல் வைக்கத் தேவையான நேரத்தைக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்து, “வரலை” என்றது குரல். ஒன்றிரண்டு பெயர்களுக்கு மட்டும் “வந்தாச்சு” என்றது. கடைசியில் “சுப்பையா” என்று கூப்பிட்டது. காத்திருந்தது. செத்துப்போன மனுஷன் தன் வாயாலேயே, தான் வரவில்லை என்று சொன்னார்.

எதிரே திரை பச்சையாகவே இருந்தது. மிஸ் லியோங் திரையையும் என் கையிலிருந்த ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“திரை ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. நான் காதத்தான் நம்புவேன். நாளைக்கிப் போறோம். மத்தியானத்துல இல்ல, அது கூப்பிடுற நேரத்துல.”

மறுநாள் போனோம். பழைய ஆபீசில் பெட்டிக்கு எதிரே ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். லெட்சுமி தேநீர் போட்டுக் கொடுத்தாள். செம்பனை மரங்களுக்கு மேலே வானம் ஈயம் மாதிரி இருண்டு வந்தது. மிஸ் லியோங் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதல் இடி விழுந்தது. மிஸ் லியோங் பேச்சை நிறுத்தாமலேயே எழுந்தார், சுவர்ப் பக்கம் நடந்தார், மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார், திரும்ப வந்து உட்கார்ந்து கல்யாணப் பந்தியைப் பற்றித் தொடர்ந்தார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு துளியும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தோட்டத்தில் பிறந்த எவரும் இடி இடித்தால் மெயினை அடைத்துவிட்டு, கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு உட்காருவோம். அது ஒரு காரியம் என்றே நினைப்பதில்லை.

இடி தள்ளிப் போனதும் லெட்சுமி மெயினைத் தூக்கினாள். பெட்டி விழித்தது. மறுபடி இடி. லெட்சுமி இறக்கினாள். கொஞ்சம் அடங்கியதும் ஏற்றினாள். மறுபடியும் ஒன்று, கட்டடமே அதிர்ந்தது. இந்தத் தடவை மிஸ் லியோங். சத்தம் ஓய்ந்து, அவர் கை மெயினை மேலே தள்ளியபோதுதான் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு வேறு மாதிரி சிமிட்டியது. நான் பல வருஷமாகப் பார்க்காத சிமிட்டல்.

“மிஸ்,” என்றேன், “இப்போ நீங்க என்ன பண்ணீங்க?”

“என்னாத்த பண்ணேன்? இடி இடிச்சிச்சு, மெயின அடைச்சேன்...”

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

பெட்டியை யாரும் தொடவில்லை என்று லெட்சுமி சத்தியம் செய்தாளே, அது உண்மைதான். பெட்டியை யாரும் தொடவில்லை. ஆனால் மெயின் போனதற்கும் புதியவன் விழுந்ததற்கும் ஜாகாவுக்கு வித்தியாசம் தெரியாது, அவன் கணக்கில் புதியவன் மூன்று தடவை விழுந்துவிட்டான். ஆகாதவன். பழையவனை எழுப்பிவிட்டான்.

வெளியே ஒலிபெருக்கி ஒருமுறை இருமியது. “பெரட்டு” என்றது சுப்பையாவின் குரல்.

நான் வாசலுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது. கீழே லயத்திலிருந்து ஆட்கள் மழையில் மேட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, கையில் குடை, ஒரு கிழவி பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. யாரும் பேசவில்லை. களத்தில் வரிசையாக நின்றார்கள். நெருங்கி நிற்கவில்லை. ஒருவர், பிறகு மூன்று ஆள் இடம் காலி, பிறகு ஒருவர். பழைய பெரட்டில் யார் யார் எங்கே நின்றார்களோ, அந்த இடத்தை அவரவருக்கு விட்டுவிட்டு நின்றார்கள்.

“ஏன்டி, எதுக்கு எல்லாரும் வர்றாங்க?” என்று லெட்சுமியைக் கேட்டேன்.

“நாம போவலன்னா அவரு வீட்டுக்கு வந்துருவாரேக்கா” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. அவள் பெயர் வந்தது. ஓடிப்போய்க் கட்டைவிரலை வைத்தாள். “வந்தாச்சு.” திரும்பி வந்து, தன் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக விட்டு, வரிசையில் நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டோர் பேசுகிறார் என்றால் புதிய சிஸ்டம் ஓடவில்லை. புதிய சிஸ்டம் ஓடவில்லை என்றால் ஆற்றை யாரும் பார்க்கவில்லை. ஹார்ன் அடிக்கப்போவதில்லை.

“மிஸ், ஹார்ன் இல்ல!” என்று கத்தினேன். அவருக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். படியில் இறங்கி வந்து வரிசையைப் பார்த்து, “யாரு இங்க இல்ல? உசுரோட இருக்கறவங்கள்ல யாரு வரல?” என்று கேட்டார். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தார்கள். பதில் மேலேயிருந்து வந்தது.

“ராமன்.”

காத்திருந்தது.

“வரலை.”

“அண்ணே தூங்குறாரு!” லெட்சுமி அலறினாள். “விடிய விடிய லோரி ஓட்டிட்டு வந்து படுத்தாரு. வான்னு கூப்பிட்டேன், போடின்னுட்டாரு.”

மிஸ் லியோங் செருப்பை உதறிவிட்டு ஓட ஆரம்பித்தார். நாங்கள் எல்லாரும் பின்னால். சரிவின் வளைவு தாண்டியதும் பார்த்தால், கீழ் லயத்துக்குப் பாதையே இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர். சத்தமே இல்லாமல் வந்திருந்தது. ஆண்கள் இரண்டு பேர் ராமனின் லோரிக் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால், பிறகு இடுப்பு. பின்னால் மேட்டில் அந்தக் குரல் நிற்கவே இல்லை. “முனியம்மா. வரலை. அஞ்சலை. வரலை.” லெட்சுமியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தோளைக் கடித்துவிட்டாள், அப்படி ஒரு துடிப்பு.

பின்பக்கத்து ஜன்னலை உடைத்து அவனை இழுத்தார்கள். துணி அலமாரியின் மேல், தகரக் கூரையில் தலை முட்ட, குந்தியிருந்தானாம். மேட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் லெட்சுமி அவனைக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“தண்ணி வந்ததும் கதவத் தெறந்துக்கிட்டு ஓடி வர வேண்டியதுதானே!” என்று மிஸ் லியோங் சத்தம் போட்டார்.

ராமனுக்குப் பல் அடித்தது. “தெறக்கத்தான் போனேன் மிஸ். தாழ்ப்பாள்ல கைய வச்சேன். மண்டோர் சத்தம் போட்டாரு. ‘கதவத் தெறக்காத, மேல ஏறுடா’ன்னு. காதுகிட்ட.”

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். அவன் வாசற்படிக்கு அப்பால் மண்ணே இல்லை. ஆறு அங்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. கதவைத் திறந்திருந்தால் நேராக அதில்தான் கால் வைத்திருப்பான். பின்னாளில் அந்தப் பழைய சிஸ்டத்தின் ஒலிப்பதிவுகளை ஒன்று விடாமல் நான் கேட்டேன். பெயர்கள், ‘பெரட்டு’, ‘வந்தாச்சு’, ‘வரலை’. வேறு ஒரு சொல் கிடையாது. பயத்தில் அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நம்புகிறவர்களோடும் வாதாடுவதில்லை.

சிரம்பானில் கூட்டம் போட்டார்கள். ஒரு மேனேஜர், எல்லாரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள், ஒரு உயிரும் போகவில்லை, ஆக ஏற்பாடு வேலை செய்திருக்கிறது, முடித்துக்கொள்வோம் என்றார். மிஸ் லியோங் தன் மெல்லிய இங்கிலீஷில், ஹார்ன் அடிக்கும் என்று சொன்னோம், அது அடிக்கவில்லை, ஆக நாம் தோற்றுவிட்டோம் என்றார். வெளியே வந்து காடியில் உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். “என் கையாலதான்டி புஷ்பா அடைச்சேன். இந்தக் கையாலதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கருவியைப் பிரித்துப் போட்டோம். என்ன நடந்திருக்கிறது என்பது முழுதாகத் தெரிந்தது. பழைய சிஸ்டத்துக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. சிரம்பானைக் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். மழையில் இணைப்பு அறுந்திருந்தால், விழித்த நேரம் விடியற்காலை என்று எடுத்துக்கொண்டு பெரட்டு எடுத்துவிடும். மறுநாள் காலை இணைப்பு வந்ததும், பெட்டிக்குள் இருந்த எங்கள் கருவியின் ஒரு பகுதி, ‘அடடா, பழையவன் இருக்கிறானே’ என்று யாரிடமும் சொல்லாமல் புதியவனை மறுபடி எழுப்பிவிடும். அதனால்தான் நான் மத்தியானத்தில் போனபோது தடயமே இல்லை. தினமும் இடி விழுந்ததால் புதியவனால் ஒரு நாள் முழுக்க ஓடி வீட்டுக்காரன் ஆகவே முடியவில்லை. சாயங்காலம் இடி, அந்தியில் மண்டோர், காலையில் சுத்தம். மழைக்காலம் முழுக்க இப்படியே ஓடியிருக்கும்.

மாற்றியது இவ்வளவுதான். பெட்டி ஒவ்வொரு தடவை எழும்போதும், யாரை எழுப்பினாய் என்று கருவி ஜாகாவையே கேட்க வேண்டும். அவன் சொல்லும் பதில்தான் திரையில் வர வேண்டும், நாங்கள் எழுதிய உத்தரவு இல்லை. பதில் வராவிட்டால் பச்சை கிடையாது. புதியவன் எழுந்து, ஆற்றின் அளவியோடு பேசி, ஹார்னைத் தொட்டுப் பார்த்துவிட்டால் உடனே அவனை வீட்டுக்காரனாக எழுதிவிட வேண்டும், ஒரு நாள் காத்திருக்கக் கூடாது. அப்புறம், புதியவன் உறுதியானதும் பழைய அறையிலும் அவனையே இறக்கிவிட வேண்டும். ஜாகா எந்தக் கதவைத் திறந்தாலும் ஹார்ன் அடிக்க வேண்டும். கடைசியாக, ஆள் நேரில் போய், தோட்டத்து ஜனங்கள் செய்வதுபோலவே மெயினை அடைத்து அடைத்துத் திறந்து பார்க்க வேண்டும். ஆபீசில் உட்கார்ந்து செய்யும் ரீபூட், பெட்டியிடம் சொல்லிவிட்டுத் தூங்க வைப்பது. இடி சொல்லிவிட்டு வராது.

பழைய அறையை அழிப்பது என்றால் மண்டோரை அழிப்பது. அதை மட்டும் சிரம்பானிலிருந்து செய்ய எனக்கு மனம் வரவில்லை. நேரில் போனோம். லெட்சுமியை உட்கார வைத்துச் சொன்னேன்.

“ஒன் வீட்டுக்காரர் பேரும் அதோட போயிரும்லா.”

அவள் முந்தானையைத் திருகினாள். “போவட்டுங்க்கா. அவரு வரல, வரலன்னு எத்தன தடவதான் கேக்குறது? எனக்குத் தெரியாதா?”

கட்டளையைத் தட்டினேன். பின்னால் மிஸ் லியோங் நின்றார்.

“சொல்லிட்டு அமுக்கு.”

“இத அமுக்குனா...” என்றேன். “இத அமுக்குனா மண்டோர் இனிமே வரமாட்டாரு.”

அமுக்கினேன். அன்று சாயங்காலம் வரை மெயினை இறக்கியும் ஏற்றியும் கை வலித்தது. ஒவ்வொரு தடவையும் ஜாகாவைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் புதியவன் பெயரையே சொன்னான். ஒலிபெருக்கி மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த பெருமழையின்போது நான் சிரம்பானில் இருந்தேன். இணைப்பு அறுபடவில்லை. இடி விழுந்து பெட்டி அணைந்ததும் எழுந்ததும் திரையில் தெரிந்தது. எழுந்தது புதியவன். ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஹார்ன் அடிக்கிறது என்று திரை சொன்னது. எனக்குத் திரை போதவில்லை. லெட்சுமிக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும் ஹார்ன் என் காதைப் பிளந்தது. அவ்வளவு சந்தோஷமாக எதையும் கேட்டதில்லை.

“வந்துட்டோம்க்கா, எல்லாரும் மேல வந்துட்டோம்!” என்று கத்தினாள். பிறகு ஹார்ன் நின்றது. மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல்.

“காத்தமுத்து.”

திரையைப் பார்த்தேன். புதியவன்தான். பழைய அறையில் எதுவும் இல்லை, என் கையால் அழித்திருக்கிறேன்.

“வரலை” என்று ஒரு கூட்டமே சேர்ந்து சொன்னது.

“லெட்சுமி! யாரு அது?”

“அண்ணன்தாங்க்கா. மண்டோர் நின்ன எடத்துல நின்னு பேரு கூப்பிடுறாரு. ஹார்ன் எல்லாரையும் வான்னு கூப்பிடுது, ஆனா யாரு வரலன்னு சொல்ல மாட்டேங்குதுலா. அதான்.”

“அதுக்குச் செத்தவங்க பேரு எதுக்கு?”

“அவங்கள விட்டுட்டா வரிச தப்பிப் போவுதுக்கா. எங்களுக்கு அந்த வரிசதான் தெரியும்.”

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ராமன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஆள் நடந்து வரும் நேரத்தைக் கொடுத்தான். உயிரோடு இருப்பவர்கள் “வந்தாச்சு” என்றார்கள். இல்லாதவர்களுக்கு எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

“ராமன்” என்று கூப்பிட்டான்.

மழை பெய்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை.

“சொல்லுண்ணே” என்றாள் லெட்சுமி, என் காதோரத்தில். “நீதாண்ணே சொல்லணும்.”

“வந்தாச்சு” என்றான் ராமன். அந்தச் சொல் பாதியிலேயே அழுகையாகிவிட்டது.